பத்து நிமிடம், விடாமல்

மூக்கில் ரத்தம் வரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் முதலில் கிடைப்பது ஆளுக்கொரு வைத்தியம். "அண்ணாந்து பாருல" என்று ஒருவன் தாடையைப் பிடித்து நிமிர்த்துவான். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து உச்சந்தலையில் ஊற்றுவாள். சத்துணவுக் கூடத்திலிருந்து நசுக்கிய வெங்காயம் வரும். பக்கத்து வகுப்பிலிருந்து பஞ்சு உருண்டை வரும். "படுக்கப் போடுங்க, படுக்கப் போடுங்க" என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்கும். எல்லாம் அக்கறையில் வருவதுதான். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைக்கு வேண்டியவை வேறு. உட்கார ஓர் இடம் வேண்டும். தலை முன்னால் குனிந்திருக்க வேண்டும். மூக்கை அமுக்கிப் பிடிக்க இரண்டு விரல், பார்க்கிற தூரத்தில் ஒரு கடிகாரம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பும் என்னிடம்தான். முதலுதவிப் பெட்டி என் வகுப்பு பீரோவில் இருப்பதால், முழங்கால் சிராய்ப்பு, குளவிக் கடி, வயிற்றுவலி எல்லாம் என் வாசலுக்கே வந்து சேரும். "டீச்சர், இவனுக்குச் சில்லிமூக்கு ஒடஞ்சிருச்சு டீச்சர்" என்று நாலைந்து பேர் சேர்ந்து ஒருவனை இழுத்துக்கொண்டு வருவது அதில் வழக்கமான ஒன்று. இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரைதான் இது மிக அதிகம். அதாவது அங்கன்வாடி தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரை. வீட்டில் அம்மா பார்ப்பதைவிட வகுப்பில் நாங்கள் பார்ப்பது அதிகமாகக்கூட இருக்கலாம்.

அப்படி வருகிறவனை நான் முதலில் நாற்காலியில் உட்கார வைப்பேன். பெஞ்சு, திண்ணை, படிக்கட்டு, எதுவானாலும் சரி. முதுகு நிமிர்ந்து, தலை மட்டும் கொஞ்சம் முன்னால் குனிந்திருக்க வேண்டும். மடியில் பழைய செய்தித்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை. "ஏய்யா, பயப்படாத. வாயால மூச்சு விடு. தொண்டைக்கு ரத்தம் வந்தா முழுங்காத, இதுல துப்பிரு." இவ்வளவுதான் பேச்சு. கையுறை போட்டுக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கின் இரண்டு மடல்களையும் சேர்த்து அமுக்கிப் பிடிப்பேன்.

எந்த இடத்தில் பிடிப்பது என்பதில்தான் பாதிப் பேர் தவறிவிடுகிறார்கள். படிக்கும் நீங்கள் இப்போதே உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். புருவங்களுக்கு நடுவிலிருந்து விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால் முதலில் கடினமான எலும்பு. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடி உட்காரும் இடம் அது. அங்கே எவ்வளவு அமுக்கினாலும் உள்ளே ஒன்றும் நசுங்காது. இன்னும் கீழே வாருங்கள். எலும்பு முடிந்து மெத்தென்று வளைந்துகொடுக்கும் பகுதி வரும். மூக்கின் கீழ்ப்பாதி. அதைப் பிடித்தால் இரண்டு துவாரமும் மூடிக்கொள்ள வேண்டும், குரல் மாறி ஒலிக்க வேண்டும். அதுதான் சரியான பிடி. ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வந்தாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

மூக்கின் நடுச்சுவரில்தான் காரணம் இருக்கிறது. இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் அந்தச் சுவரின் முன்பகுதியில், ஒரு பிள்ளையின் சுண்டுவிரல் எட்டிவிடும் தூரத்தில், நான்கு தமனிகளின் கிளைகள் வந்து கூடுகின்றன. கண்குழியிலிருந்து இறங்கி வருவது ஒன்று, மேலண்ணத்திலிருந்து ஏறி வருவது ஒன்று, மேலுதட்டிலிருந்து ஒன்று, மூக்கின் பின்புறத்திலிருந்து ஒன்று. நியூயார்க்கில் அறுவை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லாரன்ஸ் லிட்டில் 1879-இல் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் வில்ஹெல்ம் கீஸல்பாக் 1884-இல் இதை விவரித்து எழுதினார். இன்றும் மருத்துவ மாணவர்கள் இந்த இடத்தை இவர்கள் இருவரின் பெயராலும்தான் படிக்கிறார்கள். மூக்கில் வரும் ரத்தத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த முன்பகுதியிலிருந்து வருவதுதான். மெத்தென்ற மடல்களை இருபுறமும் அமுக்கும்போது அவை நேராக இந்தச் சுவரின் மேல் போய் அழுந்துகின்றன. கசிகிற இடம் நம் விரலுக்கடியிலேயே வந்துவிடுகிறது. உடம்புக்குள் எங்கோ நடக்கும் ரத்தக் கசிவு என்றால் ஒரு டீச்சரால் என்ன செய்ய முடியும்? இது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இதைப் பள்ளியிலேயே நிறுத்த முடிகிறது.

அந்த இடத்தில் இத்தனை ரத்தக்குழாய்கள் எதற்கு என்று பிள்ளைகளே கேட்பார்கள். மூக்கு வெறும் ஓட்டை இல்லை. வெளிக்காற்று நுரையீரலுக்குப் போகும் முன் அதற்குச் சூடும் ஈரமும் ஏற்றி அனுப்புவது மூக்கின் வேலை; அதற்கு ரத்த ஓட்டம் வேண்டும். ஆனால் நடுச்சுவரின் முன்பகுதியில் குருத்தெலும்பின் மேல் மிக மெல்லிய சளிச்சவ்வு மட்டும் போர்த்தியிருக்கிறது. குழாய்கள் அதற்கு நேர் கீழே. உள்ளே இழுக்கும் வறண்ட காற்று முதலில் மோதுவதும் அங்கேதான். சவ்வு காய்ந்து, பொருக்குத் தட்டி, அரிக்கும். பிள்ளை விரலை விடும். பொருக்கோடு சேர்ந்து குழாயின் வாயும் பிய்ந்துகொள்ளும்.

எங்கள் ஊரில் ஆடி மாதம் இதற்குத் தோது. மேற்கே மலைக் கணவாய் வழியாக வரும் காற்று கயத்தாறுக் காற்றாலைகளைச் சுற்றவிட்டு, எங்கள் மைதானத்துப் புழுதியையும் கிளப்பிக்கொண்டு வகுப்புக்குள் வரும். கரும்பலகையில் எழுதிய எழுத்தே மங்கும். அந்த மாதத்தில் பிள்ளைகளின் கை மூக்கிலேயே இருக்கும். அடுத்து ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். சளி, தும்மல், மூக்கைத் துடைத்துத் துடைத்துப் புண்ணாக்கிக்கொள்வது. ரத்தம் வராத காலம் என்று ஒன்று இல்லை, காரணம்தான் மாறுகிறது.

"ஒடம்புச் சூடு டீச்சர்" என்பார் எங்கள் சத்துணவு அக்கா. "தலையில தண்ணிய வையுங்க, எறங்கிரும்." அவரை நான் எதிர்த்துப் பேசுவதில்லை. வெயிலும் வறட்சியும் மூக்கின் உட்புறத்தைக் காய வைக்கின்றன என்பது உண்மை; தலைமுறைகளாகப் பார்த்ததைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் உச்சந்தலையில் ஊற்றும் தண்ணீர் மூக்கின் நடுச்சுவருக்குப் போய்ச் சேராது. அதனால் பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் தண்ணீர் தேடி ஓடும் அந்த நேரத்தில் மூக்கை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள், நனைந்த பிள்ளை இன்னும் மிரண்டு அழும். அழுதால் முகத்துக்கு ரத்தம் ஏறும், கசிவு கூடும். "அக்கா, தண்ணிய அப்புறம் பாத்துக்கிடுவோம், நீங்க இவன் மூக்கைப் பிடிச்சுக்கிடுங்க" என்று அவர் கையிலேயே கொடுத்தேன் ஒருநாள். அடுப்பில் பெரிய சட்டியைத் துணிகூட இல்லாமல் இறக்குகிற கை. பிடித்தால் பிடித்ததுதான். இப்போது நான் விடுப்பில் இருந்தால் மற்ற ஆசிரியர்களே அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வெங்காயத்தின் நெடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், தும்மல் வரவைக்கும். உறைந்துகொண்டிருக்கும் இடத்தில் ஒரு தும்மல் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பஞ்சு அடைப்பதில் வேறு சிக்கல். ரத்தம் உறையும்போது பஞ்சின் நார்களும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சை இழுக்கும்போது உறைந்ததும் சேர்ந்து வந்துவிடும். மருத்துவர்கள் தேவைப்பட்டால் மூக்குக்குள் வைத்து அடைக்கும் பொருள் வேறு, வைக்கும் முறையும் வேறு. அது நம் வேலை இல்லை.

எல்லாவற்றிலும் கெடுதலானது அண்ணாந்து பார்க்கச் சொல்வது. பார்ப்பவர்களுக்கு ரத்தம் நின்றுவிட்டதுபோல் தெரியும். நிற்காது, பின்வழியாகத் தொண்டைக்கு இறங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு போகிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டும். கால் மணி நேரம் கழித்துப் பிள்ளை கருஞ்சிவப்பாக வாந்தி எடுக்கும்போது பள்ளிக்கூடமே பதறும். மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் புரையேறும். மல்லாக்கப் படுக்கப் போடுவதற்கும் இதே ஆபத்துதான். என் பிள்ளைகளுக்கு நான் முதலுதவி வகுப்பில் முதலில் சொல்லித் தருவது இந்த ஒரு வார்த்தைதான்: குனி.

இனி, பத்து நிமிடம். எத்தனை நேரம் பிடிக்க வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு உண்டு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூக்கின் கீழ் மூன்றில் ஒரு பகுதியை ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ விடாமல் அழுத்தச் சொல்கிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை பத்து முதல் பதினைந்து நிமிடம் என்கிறது. நான் பத்து என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அளவைவிட முக்கியம், நடுவில் கையை எடுக்காமல் இருப்பது.

குழாயில் கீறல் விழுந்ததும் உடம்பு தானே வேலையைத் தொடங்கிவிடுகிறது. குழாய் சுருங்குகிறது. ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் கீறலின் ஓரத்தில் போய் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுகின்றன. பிறகு ஃபைப்ரின் என்ற புரத நார்கள் அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கெட்டிப்படுத்துகின்றன. இதற்கெல்லாம் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை ரத்தம் வேகமாக ஓடாமல் இருக்க வேண்டும். கண்மாய்க் கரையில் உடைப்பெடுத்தால் மண் மூட்டையை வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பார்களே, அதே கதைதான். மண் இறுகுமுன் காலை எடுத்தால் தண்ணீர் மூட்டையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது: இரண்டு நிமிடம் பிடிப்பார்கள், "நின்னுருச்சா பாப்போம்" என்று விரலை எடுப்பார்கள், சொட்டும், மறுபடி பிடிப்பார்கள். இப்படியே அரைமணி நேரம் ஓடும். மொத்தமாகக் கூட்டினால் இருபது நிமிடம் பிடித்திருப்பார்கள், ஆனால் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம்கூடப் பிடித்திருக்க மாட்டார்கள். "எங்க புள்ளைக்கு அரைமணி நேரமா நிக்கல டீச்சர்" என்று பெற்றோர் சொல்லும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, நடுவில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தீர்கள் என்பதுதான்.

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்பது மிக நீளம். அதனால் கடிகாரம் தெரியும்படி உட்கார வைத்து ஒரு வேலை கொடுத்துவிடுவேன். "பெரிய முள்ளு இப்ப ரெண்டுல இருக்கு. நாலுக்குப் போனதும் எங்கிட்டச் சொல்லணும். நீதான் காவல்." பேசினால் பிடி நழுவும், ரத்தம் தொண்டைக்கு இறங்கும். எனவே நான் கேட்பேன், பிள்ளை விரலைக் காட்டும். மூணும் நாலும் எத்தனை? ஏழு விரல். பத்துல ரெண்டு போனா? எட்டு விரல். உங்க வீட்டு ஆடு எத்தனை குட்டி போட்டுச்சு? இதற்கு மட்டும் பிள்ளைகள் கண்ணாலேயே சிரிப்பார்கள். நேரம் போவது தெரியாது. சுற்றி நிற்பவர்களையும் சும்மா விடுவதில்லை. ஒருவன் தண்ணீர் எடுத்துவரப் போவான், ஒருத்தி பேப்பர் பிடிப்பாள், மீதிப் பேர் வகுப்புக்குத் திரும்புவார்கள். கூட்டம் கலைந்தாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

பதற்றம் பெரும்பாலும் ரத்தத்தின் நிறத்தால் வருவது. இருபது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையின் உடம்பில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் இருக்கும். கைக்குட்டை முழுக்கச் சிவந்திருந்தாலும் அது பெரும்பாலும் சில தேக்கரண்டி அளவுதான். ஒரு தேக்கரண்டி ஐந்து மில்லி. வேண்டுமானால் சிவப்பு மை கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். எட்டாம் வகுப்பு ரெட் கிராஸ் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டியபோது, "இவ்வளவுதானா டீச்சர்" என்று கேட்டார்கள். அடுத்த தடவை சின்னப் பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தபோது அவர்களில் யாரும் கத்தவில்லை.

பெரிய முள் நாலைத் தொட்டதும் மெதுவாக விரலை எடுக்க வேண்டும். பெரும்பாலும் நின்றிருக்கும். கொஞ்சம் சொட்டினால் இன்னொரு பத்து நிமிடம், அதே பிடி. இரண்டாவது தடவைக்குப் பிறகும் நிற்காமல் வந்தால், மொத்தம் இருபது நிமிடம், அதிகம் போனால் அரைமணி, அதற்குமேல் பள்ளிக்கூடத்தில் காத்திருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ, எது அருகிலோ அங்கே. வண்டியில் போகும்போதும் மூக்கைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். முகம் வெளிறி, உடம்பு சில்லிட்டு, தலைசுற்றிச் சாய்ந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, ரத்தம் கொட்டுகிற மாதிரி வந்தாலோ பத்து நிமிடம் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. உடனே 108.

அடிபட்டு வருகிற ரத்தத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். கபடியில் முழங்கை மோதும், பந்து முகத்தில் விழும், படியில் குப்புற விழுவார்கள். தலையிலும் அடிபட்டிருந்தால், மயக்கம், வாந்தி இருந்தால், மூக்கு கோணியிருந்தால், ரத்தத்தோடு தண்ணீர்போலத் தெளிந்த திரவம் கசிந்தால் நேராக மருத்துவமனை. இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடிபட்டு ரத்தம் நின்ற பிள்ளை அன்று மாலையோ மறுநாளோ, "மூக்கு அடைச்சிருக்கு, வலிக்குது" என்று சொன்னால் சளி என்று நினைத்துவிடக் கூடாது. நடுச்சுவரின் சவ்வுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம். இடையில் ரத்தம் கட்டிக்கொண்டால் குருத்தெலும்பு பட்டுப்போகும், சீழ் பிடிக்கும், பிறகு மூக்குத்தண்டே உள்ளே அமுங்கிவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் அன்றே கீறி எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை.

சின்னப் பிள்ளைகள் மூக்குக்குள் எதையாவது போட்டுக்கொள்வார்கள். பல்பக் குச்சி, புளியங்கொட்டை, பாசிமணி, ரப்பர் துண்டு. ஒரே ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நாற்றத்தோடு சளியும் ரத்தமும் வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கொண்டை ஊசியாலோ குச்சியாலோ கிளறக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். பொம்மைகளிலும் கடிகாரங்களிலும் வரும் பொத்தான் பேட்டரி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மூக்கின் ஈரத்தில் அது வேலைசெய்யத் தொடங்கி, சில மணி நேரத்தில் நடுச்சுவரையே அரித்து ஓட்டை போட்டுவிடும். திருவிழாக் கடைகளில் வாங்கும் விளக்கு எரியும் பொம்மைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். பேட்டரி மூடிக்குத் திருகு ஆணி இல்லாத பொம்மையை வீட்டுக்குள் விடாதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் நான் கேட்கும் கேள்வி இன்னொன்று: "இந்த வாரம் காய்ச்சல் இருந்துச்சா?" டெங்கு காய்ச்சலில் தட்டணுக்கள் குறையும். மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசிவது, தாங்க முடியாத வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்ந்து சுருண்டு கிடப்பது எல்லாம் அதன் அபாய அறிகுறிகள். மோசமான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது, தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வருகிறது. அந்த நேரத்தில்தான், "காய்ச்சல் விட்டுருச்சு" என்று வீட்டில் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்த பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் என்றால் பத்து நிமிடத்தில் நின்றாலும் நான் விடுவதில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அவற்றைக் கொடுக்கக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் எங்கள் பக்கம் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பிள்ளை, எந்தத் தேதி, எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்தில் நின்றது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்று அதில் எழுதிவைப்பேன். தாய்க்கு ஒரு தடவை நடப்பது மறந்துபோகும். வகுப்பு ஆசிரியர் வருடா வருடம் மாறுவார். நோட்டு மாறாது. பெரும்பாலான பெயர்கள் ஆடியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை வந்துவிட்டு நின்றுவிடும். சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் விரல் விடுகிற பழக்கம். அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, நகத்தை வெட்டிவிட்டு, மூக்கு அரித்தால் தண்ணீரைத் தொட்டுத் துடைத்துக்கொள்ளச் சொல்லுவேன். வகுப்பு நடுவில் வைத்துச் சொன்னால் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், அது பள்ளி முடியும் வரை போகாது. வறட்சி அதிகம் இருக்கும் பிள்ளைக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தோ களிம்போ வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

மீதி ஒன்றிரண்டு பெயர்களுக்குத்தான் அந்த நோட்டு. அந்தப் பிள்ளைகளிடம் வேறு சிலவற்றையும் கவனிப்பேன். விழாமல் அடிபடாமல் தோலில் நீலம் பாய்கிறதா? கொசுக்கடிபோல் இல்லாத சிறு ஊதாப் புள்ளிகள் இருக்கின்றனவா? பால் பல் விழுந்த இடத்தில் மறுநாளும் ரத்தம் வருகிறதா? பல் விழுவது எங்கள் வகுப்பில் வாரம் தவறாமல் நடப்பது. அது ஓர் இலவசப் பரிசோதனை என்றே எனக்குப் படுகிறது. "உங்க வீட்ல யாருக்காச்சும் காயம் பட்டா ரத்தம் நிக்காம வருமாம்மா?" என்று தாயிடமும் கேட்பேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு நோயையே கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் ஓலாந்து தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கிருந்து 1924-இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சிங்கிக்கு அழைத்துவந்தார்கள். அடிக்கடி மூக்கில் ரத்தம், மூன்று வயதில் உதட்டில் பட்ட காயம் உயிரையே கொண்டுபோகப் பார்த்தது. அவளுடைய சகோதரிகளில் சிலர் ரத்தப்போக்கிலேயே இறந்திருந்தார்கள். எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர் அந்தக் குடும்பத்தின் உறவினர்களை ஒவ்வொருவராக விசாரித்து, இது ஆண்களை அதிகம் தாக்கும் ஹீமோஃபிலியா இல்லை, பெண்களையும் பிடிக்கும் வேறொன்று என்று 1926-இல் எழுதினார். அந்தச் சிறுமி பதின்மூன்று வயதில், பூப்பெய்திய சில மாதங்களில், மாதவிடாய் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். பரம்பரையாக வரும் ரத்தக்கசிவு நோய்களில் இன்று உலகில் மிகப் பரவலானது அந்த மருத்துவரின் பெயரைத் தாங்கிய நோய்தான். இப்போது மருந்து இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்த ஒரு சிறுமி, ஏழாம் எட்டாம் வகுப்பில் மாதத்துக்கு ஒருவாரம் பள்ளிக்கு வராமல், வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தால், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் யார்? வீட்டில் மூக்கு விஷயம் மறந்துபோயிருக்கும், மாதவிடாய் விஷயம் வெளியே சொல்லப்படாது. எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படிக்கிற பிள்ளையை எட்டு வருடம் பார்க்கும் ஓர் ஆசிரியையால் அதைச் சேர்த்துப் பார்க்க முடியும். எங்கள் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் கண், பல், உயரம், எடை பார்த்து முடித்ததும் என் நோட்டைத் திறந்து காட்டுவேன். அவர்கள் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்.

பெரிய வகுப்புப் பையன்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதின்ம வயதில், ஒரே பக்க மூக்கு எப்போதும் அடைத்திருந்து, அதே பக்கம் அடிக்கடி நிறைய ரத்தம் வந்தால், மூக்கின் பின்புறத்தில் ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒருவகைக் கட்டி இருக்கலாம். புற்றுநோய் இல்லை, ஆனால் வளரும். இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் அதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அங்கன்வாடிப் பணியாளர்களிடம் இதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கையுறை, துணி, பழைய செய்தித்தாள், குவளை, பிளாஸ்டிக் பை. இதற்கு மேல் மூக்குக்கு ஒன்றும் தேவையில்லை. கையுறை எல்லாப் பிள்ளைக்கும் போட்டுக்கொள்ள வேண்டும், ஆள் பார்த்துப் போடக் கூடாது. கையுறை இல்லாத நேரத்தில் பிள்ளையின் விரலையே பிடித்து மூக்கில் வைத்து, அதன் மேல் துணி சுற்றி நாம் பிடித்துக்கொள்ளலாம். தரையில் சிந்தியதைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைக்க வேண்டும். அதைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது.

ரத்தம் நின்ற பிள்ளையை உடனே மைதானத்துக்கு விடுவதில்லை. அன்று முழுக்க ஓட்டம், குதிப்பு, கபடி கிடையாது. மூக்கைச் சிந்தக் கூடாது, பொருக்கைத் தொடக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மதிய உணவை ஆறவைத்துக் கொடுக்கச் சொல்லிவிடுவேன். பிறகு வீட்டுக்குப் போன். தீப்பெட்டி ஆபீசிலோ நூறு நாள் வேலையிலோ இருக்கும் அம்மா பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே நடுங்கிப்போவார். அதனால் முதல் வாக்கியமே, "புள்ள நல்லா இருக்காம்மா, வகுப்புலதான் உக்காந்திருக்கான்" என்பதாக இருக்கும். அதற்கப்புறம்தான் பதினோரு மணிக்கு வலது மூக்கில் ரத்தம் வந்தது, பத்து நிமிடத்தில் நின்றது, ராத்திரி திரும்ப வந்தால் இப்படிப் பிடியுங்கள் என்று சொல்லுவேன். சட்டையை வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்வேன். இருப்பது இரண்டு சீருடைதானே. மறுநாள் காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அவனிடம் போய், ராத்திரி வந்ததா என்று கேட்டு, அதையும் நோட்டில் எழுதிவிடுவேன்.